ஆடாத கோல்

சத்தியம் பண்ணு என்று யாரும் கேட்காதீர்கள். தொட்டதற்கெல்லாம் சத்தியம் பண்ணுகிறவனை நம்பாதே என்று என் அக்காவே சொல்லுவாள். சத்தியத்துக்குப் பதில் என்னிடம் சாட்சி இருக்கிறது. ஓர் அளவைப் புத்தகத்தின் ஒரே ஒரு பக்கம், நகல் எடுத்தது, என் வீட்டு பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது. அதில் ஒன்பது வரிகள். ஒவ்வொரு வரிக்கும் நேரம் போட்டிருக்கிறது. முதல் ஏழு வரிகள் என் அக்காவின் முத்து முத்தான கையெழுத்து. கடைசி இரண்டும் அவளுடையவைதான், ஆனால் கோழி கிளறியது போல இருக்கும்.

பேய் என்றால் நடுராத்திரிதான் வரும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. இது பட்டப்பகலில் நடந்தது. மதியம் 2.05க்கு ஆரம்பித்து 3.16க்கு முடிந்தது. நல்ல வெயில். நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் உங்கள் வேலையைப் பாருங்கள், நான் ஒன்றும் ஓட்டுக் கேட்டு வரவில்லை.

அக்கா அரசாங்க ஆய்வாளர். நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மேலே இருக்கும் தரை ஒழுங்காக நிற்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. சுரங்கத்துக்குள் நிலக்கரியை முழுக்க வெட்டிவிட மாட்டார்கள். கூரையைத் தாங்குவதற்காக நடுநடுவே நிலக்கரியையே தூண் தூணாக விட்டு வைப்பார்கள். வெட்ட வேறு இடம் இல்லாமல் போகும்போது அந்தத் தூண்கள் மேல் கண் விழும். தூணை எடுத்தால் கூரை இறங்கும். கூரை இறங்கினால் மேலே தரையும் இறங்கும். அந்தத் தரை மேல் வீடுகள் இருந்தால்? அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான் அக்காவுக்குச் சம்பளம்.

அன்றைக்கு அவள் போனது பதினாறு வீடுகள் உள்ள ஒரு தெருவுக்கு. தெருவுக்கு அடியில் நிற்கும் தூண்களை எடுத்துக்கொள்ள ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. பக்கத்துப் பகுதியில் தூண்களை எடுத்து மூன்று வருடம் ஆகியும் இந்தத் தெரு ஒரு மில்லிமீட்டர்கூட அசையவில்லை என்று புத்தகம் புத்தகமாகக் கணக்குக் காட்டியிருந்தார்கள். எல்லா வரியிலும் பூஜ்யம். அக்கா நேரில் போய் ஒரு தடவை அளந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. மாலை ஐந்து மணிக்குள். அவள் போட்டால் தூண்கள் வெளியே வரும். கணக்குத் தப்பாக இருந்தால் பதினாறு வீடும் உள்ளே போகும்.

இதில் என் அக்கா ஒரு தப்புச் செய்தாள். என்னைத் தவிர யாரிடமும் அப்போது சொல்லவில்லை.

ஒரு வாரமாகச் சுரங்க மேலாளர் பதினோரு தடவை போன் பண்ணிவிட்டார். அவளுடைய மேலதிகாரி வேறு, "முடிச்சு விடும்மா, தலைவலி தீரட்டும்" என்று நச்சரித்தார். அவளுக்கு வழக்கமாக, கருவிக்கு எதிரே நிறுத்தும் ஆளுயர அளவுகோலைப் பிடிக்கும் உதவியாளர் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தார். கோல் பிடிக்கக் கம்பெனியே ஓர் ஆளை அனுப்பும் என்று ஏற்பாடு. மதியம் 1.40க்கு, தெருமுனையில் காரை நிறுத்தி, ஸ்டியரிங் மேலேயே அனுமதிக் கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அளப்பதற்கு முன்னால்.

"மூணு வருஷமா பூஜ்யம்டா. இன்னைக்கு மட்டும் என்ன ஆகிடப் போகுதுன்னு நெனச்சேன்" என்றாள் பிறகு என்னிடம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுகிறவள் அவள்.

காரை விட்டு இறங்கியதும் வரவேற்பு ஆரம்பித்துவிட்டது. முதல் வீட்டில் ஒரு தையல்காரி இருந்தாள். ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு, தெருவில் ஈ பறந்தாலும் கணக்கெடுக்கிறவள். அக்கா அளவைக் கருவியின் முக்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்ததும் ஒரு வாளி அழுக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் காலடியில் சளக்கென்று ஊற்றினாள்.

"அளக்க வந்துட்டாங்களாம் அளக்க. அளந்து அளந்தே எங்க வீட்டை முழுங்கப் போறீங்களா?"

"உங்க வீடு நிக்கணும்னுதான் வந்திருக்கேன்மா."

"அது நின்னுக்கிட்டுதான் இருக்கு. நீ கிளம்பு."

மற்ற வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அன்று அக்காவைச் சுற்றி அவளுக்கு வேண்டியவர் என்று ஒருத்தர்கூட இல்லை.

தெரு முடிகிற இடத்தில் ஒரு பொட்டல் இருந்தது. அங்கேதான் பெஞ்ச் மார்க் கல். முழங்கால் உயரக் கான்கிரீட் கட்டை, தலையில் ஒரு பித்தளைக் குமிழ். சுரங்கம் தோண்டாத கெட்டித் தரையில்தான் அந்தக் கல்லை நடுவார்கள். கல் அசையாது என்பதுதான் எல்லாக் கணக்குக்கும் அடிப்படை. வீடுகள் ஏறினவா, இறங்கினவா என்பதை அந்தக் கல்லை வைத்துத்தான் சொல்லுவார்கள்.

அக்கா கல்லிலிருந்து ஆறு அடி தள்ளி முக்காலியை ஊன்றி, கருவியைப் பொருத்தி, மட்டம் பார்க்கும் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தாள். தோள்பையை முக்காலியின் காலோரம் வைத்தாள். கையெழுத்துப் போட்ட கடிதம் அதற்குள். நிமிர்ந்தாள்.

கல்லுக்குப் பின்னால் ஓர் ஆள் கோலோடு நின்றுகொண்டிருந்தார்.

வந்த சத்தம் கேட்கவில்லை. ஐம்பது வயது இருக்கும். சாயம் போன நீலச் சட்டை. தலைக்கவசத்தைப் புருவம்வரை இறக்கியிருந்தார். பூட்ஸில் ஈரச் சேறு. மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தையல்காரி ஊற்றிய தண்ணீராக இருக்கும் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

"கம்பெனியில இருந்தா?"

அவர் தலையை ஆட்டினாரா இல்லையா என்று தெரியவில்லை.

"அளக்கத்தானே வந்தீங்க" என்றார். தொண்டையில் தூசி அடைத்த குரல்.

"பேரு?"

சொன்னார். புத்தகத்தில் 'கோல் பிடித்தவர்' என்ற கட்டத்தில் அக்கா எழுதிக்கொண்டாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

மணி 2.05. கருவிக்குள் கண்ணை வைத்தாள். முதலில் எரிச்சல்தான் வந்தது. கோலில் எண்கள் எல்லாம் தலைகீழாக இருந்தன. பழைய காலக் கருவிகளில் பார்ப்பதெல்லாம் தலைகீழாகத் தெரியும். அதற்கேற்ப எண்களைத் தலைகீழாக எழுதிய மரக்கோல்கள் அப்போது உண்டு. இன்றைக்கு யாரும் அதைத் தொடுவதுகூட இல்லை. கம்பெனி எந்தக் குப்பையிலிருந்து இதைப் பொறுக்கியதோ என்று திட்டிக்கொண்டே படித்தாள். படிக்கும் காலத்தில் அப்படி ஒரு கோலில் பழகியிருந்ததால் தடுமாறவில்லை. மீட்டர் கணக்கில் 1.265.

அடுத்தது முதல் வீட்டுச் சுவரோரம் அடித்திருக்கும் ஆணி. எழுதிவிட்டுத் தலையைத் தூக்கினாள். அவர் ஏற்கெனவே அங்கே நின்றார். 2.14. இருக்க வேண்டியது 1.512. இருந்தது 1.510. இரண்டு மில்லிமீட்டர், பெரிய விஷயமில்லை.

ஐந்தாவது வீடு. 2.26. ஒன்பது மில்லிமீட்டர் குறைந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கோலில் எண் குறைந்தால் அந்த இடம் உயர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தரை இறங்கியிருக்கிறதா என்று பார்க்கப் போனவளுக்கு, தரை மேலே வந்திருப்பதாகக் கணக்குச் சொல்லியது. நிலக்கரியைத் தோண்டி எடுத்த இடம் பூரி மாதிரி உப்புமா என்ன? அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

இன்னொன்றும் அவளை உறுத்தியது. அது என்ன என்று சட்டென்று பிடிபடவில்லை.

ஒன்பதாவது வீட்டில் பிடிபட்டது.

கோல் ஆடவில்லை.

இருபது வருடமாகக் கருவிக்குள் பார்க்கிறவள் அவள். எப்பேர்ப்பட்ட கை பிடித்தாலும் கோல் ஒரு மயிரிழையாவது ஆடும். பிடித்திருக்கிறவர் மூச்சு விடுகிறாரே! அந்த மூச்சு கோலில் தெரியும். எண்கள் லேசாக முன்னும் பின்னும் போய்வரும். இந்தக் கோலில் எதுவும் அசையவில்லை. சுவரில் ஆணி அடித்து மாட்டியது போல நின்றது. கண்ணாடிக்குள் கோலைச் சுற்றி ஒரு முழ அகலம்தான் தெரியும். கோலின் இரு பக்கமும் இரண்டு கைகள். நகமெல்லாம் கரி. கைகளும் அசையவில்லை.

2.39. இருபத்தெட்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது.

ஆள் கோலைத் தூக்கிப் பிடிக்கிறான், அவ்வளவுதான். கம்பெனி சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறது. அக்காவுக்கு ரத்தம் ஏறியது.

"கோலைத் தூக்காதீங்க! ஆணி மேல வைங்க!"

கோல் இறங்கவில்லை.

"காது கேக்குதா இல்லையா? ஆணி மேல வைங்கன்னு சொல்றேன்!"

ஜன்னலில் தையல் மெஷின் நின்றது. தையல்காரி எட்டிப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். மறுபடி அக்காவைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

சந்தேகம் வந்தால் கல்லுக்குத் திரும்பிப் போ. அளவை வேலையில் அதுதான் விதி. அக்கா கைகாட்டினாள். புத்தகத்தில் ஒரு கோடு போட்டுத் திரும்பினாள். அவர் கல்லின் மேல் கோலை வைத்து நின்றார். நாற்பது மீட்டர் தூரம். ஒரு கோடு போடுகிற நேரம்.

2.47. கல்லின் அளவு 1.265. முதலில் இருந்தது எதுவோ அதுவே, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல்.

கருவி சரி. குமிழி நடுவில். கல் சரி. அப்படியானால் வீடுகள்தான் உயர்கின்றன.

மறுபடி ஒன்பதாவது வீடு. 2.55. எண் இன்னும் பதினைந்து குறைந்திருந்தது.

அப்போதுதான் முதல் சத்தம்.

'டக்.'

பெரிய பூட்டு ஒன்று திறந்தது போல. பக்கத்தில் இல்லை, எதிரிலும் இல்லை. காலுக்கு அடியில்... ரொம்பக் கீழே.

கருவியை விட்டு அவரிடமே நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று ஓர் அடி எடுத்து வைத்தாள். அந்த ஆள் ஒரு கையைத் தூக்கினார். உள்ளங்கையை அவள் பக்கம் விரித்துக் காட்டினார். அங்கேயே நில்.

அக்கா நின்றுவிட்டாள். ஏன் நின்றாள் என்று அவளை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "பழக்கம்டா" என்பாள். அளவு முடிகிறவரை கருவியை விட்டு நகரக் கூடாது, முக்காலியைத் தொடவும் கூடாது. ஊறிப்போன பழக்கம். ஆனால் கைகாட்டுவது எப்போதும் கருவிக்காரர். கேட்டு நடப்பவர் கோல்காரர். இங்கே எல்லாமே தலைகீழாக இருந்தது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

3.04. 1.411. அதே வீடு, எண் இன்னும் குறைந்திருந்தது.

வெயிலில் நின்றவளுக்கு முதுகு சில்லிட்டது. எங்கோ சின்னக் கற்கள் உருள்வது போல ஒரு சலசலப்பு. நின்றது. மறுபடி கேட்டது...

3.07. போன் அடித்தது. சுரங்க மேலாளர். எடுக்கும்போதே அக்கா வெடித்தாள்.

"என்ன சார் ஆளை அனுப்பியிருக்கீங்க? கோலை ஒழுங்காப் பிடிக்கத் தெரியல!"

"ஆளா? எந்த ஆளு?"

"உங்க கோல்காரர்."

"அதைச் சொல்லத்தாம்மா கூப்பிட்டேன். அவனுக்குக் காய்ச்சல், காலையிலேயே லீவு போட்டுட்டான். வேற ஆள் இல்ல." பிறகு குரலைக் குழைத்தார். "நீங்க அளக்கலேன்னாலும் எங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்ல. கையெழுத்தை மட்டும் குடுத்துட்டுப் போங்க."

அவர் சிரித்தார். அக்கா போனை வைத்துவிட்டாள்.

ஒன்பதாவது வீட்டு வாசலில் அந்த ஆள் நின்றார். கையை இன்னும் இறக்கவில்லை.

பார்க்கக் கூடாது என்று தோன்றியது. ஆனாலும் கண்ணைக் கருவிக்குள் வைத்தாள்.

3.09. 1.380.

எண்கள் நகர்ந்தன.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகர்ந்தன. 1.37... 1.35... கோல் மெல்ல மெல்ல மேலே ஏறியது. ஆடாமல் ஏறியது.

'டக்.' 'டக்.'

முக்காலியின் கால் ஒன்று கிறீச்சிட்டது.

3.12. 1.29.

கோல் ஏற ஏற, அதைப் பிடித்திருந்த கைகளும் மேலே போய் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. கண்ணாடிக்கு நடுவே தெரியும் குறுக்குக் கோட்டுக்கு நேராகவே நின்றன. எண்கள் மேலே போயின. கைகள் கோலோடு போகாமல் அதன் மேல் கீழே வழுக்கின. அவர் குனிகிறார்...

குனிந்து, குனிந்து, கண்ணாடிக்குள் வருகிறார்.

முதலில் தாடை தெரிந்தது. மேலே.

பிறகு வாய்.

பிறகு மூக்கு. அதற்கும் கீழே... கண்கள்.

கோல் நேராக இருந்தது. கைகள் நேராக இருந்தன. முகம் மட்டும் தலைகீழ்.

வாய் திறந்தது. கரித்தூள் கொட்டியது. கீழே இல்லை. மேலே.

அக்கா அலறவில்லை. அந்த நொடியில் அவளுக்கு ஞாபகம் வந்தது என்ன தெரியுமா? அவள் அலுவலகத்து லிஃப்ட். கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட். இறங்கும்போது லிஃப்டுக்குள் இருப்பதெல்லாம் அசையாமல் இருக்கும். வெளிச்சுவர்தான் மேலே மேலே போகும்.

கல்லும் கருவியும் அசையவில்லை. வீடுகள் மேலே போகின்றன.

வீடுகள் எங்கும் போகவில்லை.

நான்தான் இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஓடினாள்.

பையை எடுக்கவில்லை. கருவியை எடுக்கவில்லை. கையில் இருந்த புத்தகத்தோடு ஓடினாள். தரை ஒரு படி உயரத்துக்கு ஏறியிருந்தது. தாவினாள். முழங்கால் சிராய்த்தது. எழுந்தாள். ஓடினாள்.

'டக்.'

'டக். டக்.'

'டொம்...'

3.16.

திரும்பிப் பார்த்தபோது பொட்டலில் முக்காலி இல்லை. கல் இல்லை. ஒரு லாரியே இறங்கக்கூடிய அகலத்தில் வட்டமாக ஒரு குழி. தூசி மேலே வந்துகொண்டிருந்தது. ஒன்பதாவது வீட்டு வாசலில் யாரும் இல்லை.

சத்தம் கேட்டு வீடுகள் எல்லாம் திறந்தன. தையல்காரிதான் முதலில் ஓடிவந்தாள். அக்காவைத் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தாள். பிறகு கேட்டாள்.

"ஒரு மணி நேரமா யாரைம்மா திட்டிக்கிட்டிருந்தே? தெருவுல ஈ காக்கா இல்லையே."

அக்கா இரண்டு நாள் என் வீட்டில் படுத்துக் கிடந்தாள். விளக்கை அணைக்க விடவில்லை. என் பிள்ளைகள் ஓர் அளவுகோலை எடுத்து விளையாடியதற்கு அடித்துவிட்டாள். பிள்ளைகள் மேல் ஒரு நாளும் கை வைக்காதவள். எனக்கு அப்போதுதான் உண்மையிலேயே பயம் வந்தது.

மூன்று வாரம் கழித்து விசாரணை. அக்காவோடு நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். குழிக்குள் கயிற்றில் இறக்கிய கேமரா எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினார்கள். பதினேழு மீட்டர் ஆழம். அடியில் ஊற்றுத் தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. முக்காலி கவிழ்ந்து கிடந்தது. அதன் காலில் அக்காவின் தோள்பை மாட்டிக்கொண்டிருந்தது. ஜிப் மூடியே இருந்தது.

படம் முடிந்ததும் மேலாளர் எழுந்தார். ஒரு காகிதத்தை மேசை மேல் வைத்தார்.

"குழி விழுந்தது வேற விஷயம் சார். தெருவுக்கு மேடம் அன்னைக்கே அனுமதி குடுத்துட்டாங்க. அதன்படி நாங்க தூண் எடுக்கலாம். இது உங்க கையெழுத்துதானேம்மா?"

நான் எட்டிப் பார்த்தேன். அக்கா காரில் கையெழுத்துப் போட்ட கடிதம். நாலாக மடித்திருந்தது. ஒரு ஓரத்தில் கரி படிந்த கட்டைவிரல் ரேகை.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"உங்க கோல்காரர்தான் கொண்டுவந்து குடுத்தாராம். கேட் பதிவேட்டுல இருக்கு, பாத்துக்கோங்க."

பதிவேட்டைக் கொண்டுவந்தார்கள். குழி விழுந்த அதே நாள். நேரம் 3.21. தெருவிலிருந்து கம்பெனி கேட் நாலு கிலோமீட்டர். கொண்டுவந்தவர் என்ற கட்டத்தில் ஒரு பெயர். அக்கா தன் அளவைப் புத்தகத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். அதே பெயர்.

"உங்க கையெழுத்தா, இல்லையா?" விசாரணை அதிகாரி கேட்டார்.

இல்லை என்றால் வழக்கு, நிபுணர், ஒரு வருடம் இழுக்கும். ஆமாம் என்று மட்டும் சொன்னால் தூண்கள் போகும். அக்கா எழுந்து நின்றாள்.

"என்னோடதுதான் சார். ஆனா அளக்கறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன். காருல உக்காந்து போட்டேன். தப்பு என்மேலதான். அதனால அது செல்லாது."

செல்லாமல் போனது. கம்பெனியின் புத்தகங்களையும் பறிமுதல் செய்தார்கள். அவர்களுடைய அளவையாளர், மூன்று வருடத்தில் வீடுகள் ஓரிரு மில்லிமீட்டர் உயர்ந்திருப்பதாகத்தான் அளவு வந்தது என்று ஒப்புக்கொண்டார். "தரை எங்கயாவது மேல வருமா சார்? கை தவறியிருக்கும்னு பூஜ்யம் போட்டேன்" என்றார். இறங்கிக்கொண்டிருந்தது கல். ஒருத்தருக்கும் அதைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. தெருவுக்கு அடியில் அந்தத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. பதினாறு வீடுகளும்தான்.

அக்காவை அலுவலகத்தின் பழைய கோப்பு அறைக்குத் தூக்கிப் போட்டார்கள். இனி வெளியே போய் அளக்கக் கூடாது என்று உத்தரவு. "நிம்மதி" என்றாள். நிம்மதி எட்டு மாதம் நீடித்தது. ஒரு நாள் அலமாரியைத் துடைக்கும்போது அவள் கையில் ஒரு புத்தகம் சிக்கியது.

பதினேழு வருடத்துக்கு முந்தைய அளவைப் புத்தகம். அதே தெரு, அதே கல். அந்தக் கல்லை நட்டு, 'அடியில் கெட்டிப் பாறை' என்று சான்று கொடுத்தவரின் புத்தகம். அவரும் எங்கள் அக்காவைப் போலத் துறை ஆய்வாளர். ஒரு நாள் மதியம் அந்தத் தெருவை அளக்கப் போனவர் திரும்பி வரவில்லை. சொல்லாமல் வேலையை விட்டுப் போனவர் என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். புத்தகத்தை அவர் அன்று எடுத்துப் போகவில்லை. அலுவலக மேசையிலேயே இருந்திருக்கிறது. அன்றைய தேதிப் பக்கத்தில் எல்லா வரியும் நிரப்பியிருந்தது. அளக்கப் போவதற்கு முன்னாலேயே.

பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மாலை அக்கா விசாரணையில் காட்டிய படத்தின் நகலோடு என் வீட்டுக்கு வந்தாள். சமையலறை மேசையில் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். அன்றைக்கு எல்லாரும் பையையும் முக்காலியையும்தான் பார்த்தார்கள். அக்கா படத்தின் இடது ஓரத்தில் விரலை வைத்தாள்.

அங்கே கல் இருந்தது. பதினேழு மீட்டர் விழுந்த பிறகும் நேராக உட்கார்ந்திருந்தது. அதன் பித்தளைக் குமிழின் மேல், ஓடுகிற தண்ணீருக்கு நடுவே, ஒரு மரக்கோல் நின்றது. எண்கள் தலைகீழாக இருந்தன.

நாலு நிமிடம் ஓடுகிற படம் அது. நான் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். யாரும் பிடிக்காத கோல் விழ வேண்டும். மூச்சுள்ளவர் பிடித்த கோல் ஆட வேண்டும்.

அது விழவும் இல்லை. ஆடவும் இல்லை.